பொம்மை கடைசியில்: தெருவுக்குள் ஒரு குழந்தைகள் விளையாட்டுக் கூட்டம் தொடங்க முழு வழிகாட்டி

எங்கள் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் நான்கு வருடமாக வாரம் ஒருநாள் சின்னக் குழந்தைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கூடுகிறோம். தாம்பரம் பக்கம் இன்னும் சில தெருக்களில் இதேபோலத் தொடங்க உதவியும் செய்திருக்கிறேன். போன இடமெல்லாம் ஒரே தவறைத்தான் பார்த்தேன். முதல் வேலையாகப் பொம்மை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் இடம் தேடுகிறார்கள், கடைசியில் ஆள் தேடுகிறார்கள். இரண்டு மாதத்தில் பொம்மை மட்டும் மிஞ்சுகிறது.

ஆள், இடம், நேரம், விதி, அதற்குப் பிறகு பொம்மை. இந்த வரிசையில் போனால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே "ப்ளே குரூப்" என்றாலே எல்.கே.ஜி.க்கு முந்தைய வகுப்பு என்று நினைத்து "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள். நான் சொல்வது அது இல்லை. ஆறு மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தை வரும், கூட்டிவருபவர் கடைசிவரை கூடவே இருப்பார். அதனால் அந்தப் பெயரையே விட்டுவிட்டு "செவ்வாய் விளையாட்டு" என்று வைத்தோம். கிழமையையே பெயராக வைத்ததில், என்றைக்கு என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை.

1. முதலில் மூன்று குடும்பம்

வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் வாங்க" என்று போடாதீர்கள். கட்டைவிரல் நாற்பது வரும், ஆள் இரண்டு பேர் வருவார்கள். நேரில் போய் மூன்று குடும்பத்தைக் கேளுங்கள். மூன்று பேர் உறுதியாக இருந்தால், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் மீதி இருவர் இருப்பார்கள். புதிதாக வருபவர் காலிக் கூடத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டார்.

அந்த மூன்றும் உங்கள் தோழிகளின் வீடாக மட்டும் இருக்கக்கூடாது. தோழிகள் மூவர் சேர்ந்தால் அது அவர்கள் கூட்டமாகிவிடும், நான்காவதாக வருபவருக்கு உட்கார இடம் இருக்காது. நான் இப்படித் தேர்ந்தெடுத்தேன்: ஒரு அம்மா, பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி, வேலைக்குப் போகும் தம்பதியின் குழந்தையை வளர்க்கும் ஒரு அக்கா. முதல் நாளே இந்த மூவரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தால், பிறகு வருபவர் யாரானாலும் "இங்கே எனக்கும் இடம் உண்டு" என்று தானாகப் புரிந்துகொள்வார்.

அங்கன்வாடி ஆசிரியையிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அங்கே போகும் குழந்தையை நாம் இழுக்கிறோம் என்று அவர் நினைத்துவிடக்கூடாது. அங்கே இன்னும் சேராத கைக்குழந்தைகளும் ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளைகளும்தான் நமக்கு முக்கியம். எந்த வீட்டில் ஒரு இளம் தாய் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள் என்பது தெருவில் அவருக்குத் தெரியும் அளவு வேறு யாருக்கும் தெரியாது.

2. இடத்தைத் தவழ்ந்து பாருங்கள்

குடியிருப்பின் கூடம், கோயில் மண்டபம், தேவாலய அரங்கு, பெரிய மொட்டைமாடிக் கொட்டகை என எதுவும் சரி. தனி வீட்டின் வரவேற்பறை மட்டும் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் விருந்தாளியைக் கவனிக்கும் நிலைக்கு வந்துவிடுவார். வீட்டுக் குழந்தையோ தன் பொம்மையை யாரும் தொடக்கூடாது என்று அழும். அது அந்தக் குழந்தையின் தப்பும் இல்லை.

மூன்று விஷயம் இல்லாத இடத்தை எடுக்காதீர்கள்: மூடித் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு, கை கழுவக் குழாய், பக்கத்திலேயே கழிப்பறை. அழகு, ஏசி எல்லாம் பிறகு.

இடம் கிடைத்ததும் யாரும் இல்லாதபோது போய், உண்மையிலேயே முட்டி போட்டு ஒரு சுற்று தவழ்ந்து வாருங்கள். நின்று பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும். எங்கள் கூடத்தில் சுவரோரம் பிளக் பாயின்ட் ஒன்று சரியாக ஒரு வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் இருந்தது. நாற்காலிக்கு அடியில் குண்டூசி, போன கல்யாணத்தின் பாக்கு, பலூன் கிழிசல் எல்லாம் கிடந்தன. பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். அதனால் எங்கள் கூட்டத்தில் பிறந்தநாளுக்குக்கூட பலூன் இல்லை.

நம் ஊரில் பெரிய ஆபத்து கழிப்பறையில் நிரப்பி வைத்திருக்கும் வாளி. தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் நிரப்பித்தான் வைப்போம். தலைகுப்புற விழுந்த ஒரு வயதுக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும், அதற்குத் தன்னால் எழ முடியாது. கூட்டம் தொடங்குமுன் வாளியைக் கவிழ்த்து வைப்பது யாரோ ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட வேலையாக இருக்கட்டும். "யாராவது பார்த்துக்கங்க" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டேபிள் ஃபேன் தரையில் வேண்டாம். காபி, டீ கூடத்துக்குள் வரவே கூடாது. பெரியவர்களுக்கு டீ வேண்டுமானால் முடிந்த பிறகு வெளியே.

நாற்காலி போடுவதா வேண்டாமா என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாற்காலி போட்டால் சிலர் உட்காருவார்கள், சிலர் தரையில் உட்காருவார்கள், யார் எங்கே என்பது கண்ணில் படும். எல்லோரும் தரையில்தான் என்று வையுங்கள். முட்டிவலி உள்ளவருக்கு மட்டும் இரண்டு நாற்காலி. அந்த இரண்டில் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் உட்காரலாம், குடியிருப்புச் சங்கச் செயலாளரின் தாயாரும் உட்காரலாம். முட்டி மட்டும்தான் அளவுகோல்.

3. நாளும் நேரமும்

காலை 10 முதல் 11.30 வரை. பெரிய பிள்ளைகளின் ஸ்கூல் வேன் போய், சமையல் ஓரளவு முடிந்து, குழந்தையின் மதியத் தூக்கத்துக்கு முன்னால் வரும் இடைவெளி அதுதான். மாலையில் வைத்துப் பார்த்தோம். தூக்கக் கலக்கத்தில் பாதிக் குழந்தைகள் அழுதன, கொசுவும் சேர்ந்துகொண்டது.

கிழமையை யோசித்து எடுங்கள். புதன் தடுப்பூசி நாள், கைக்குழந்தைகள் சுகாதார நிலையத்தில் இருப்பார்கள். வியாழன் அந்த ஊசிக் காய்ச்சல் இருக்கும். வெள்ளி பத்தரைக்கு ராகுகாலம், பூஜை வேலையும் உண்டு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம், கிளம்பும் நேரமே அடிபடும். பாட்டிமார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்ட யோசிப்பார்கள். அவர்களோடு வாதம் செய்வதைவிட வேறு கிழமை பார்ப்பது சுலபம். எங்களுக்கு மிஞ்சியது திங்களும் செவ்வாயும், அதில் செவ்வாயை எடுத்தோம். செவ்வாயில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று ஒரு பாட்டி தயங்கினார். சரி என்று முதல் கூட்டத்தை மட்டும் திங்களன்று வைத்தோம்.

ஒருமுறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள். "இந்த வாரம் மட்டும் வியாழன்" என்று ஒருமுறை சொன்னால், அடுத்த இரண்டு வாரம் ஆட்கள் தவறான நாளில் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார்கள். நீங்கள் ஊரில் இல்லையென்றால் சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள், கூட்டம் நடக்கட்டும்.

4. விதி ஐந்து போதும்

முதல் நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு சொன்னால், அது அந்த ஒருவரைக் குத்திச் சொன்னதாகிவிடும்.

ஒன்று: கூட்டிவந்தவர் கூடவே இருக்க வேண்டும். "ஐந்து நிமிடம், கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்பதற்கும் இடமில்லை. கூட்டிவந்தவர் இல்லாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது காப்பகத்தின் வேலை. அதற்கு அனுமதியும் பொறுப்பும் தனி.

இரண்டு: இன்னொருவர் குழந்தைக்குக் கேட்காமல் எதையும் ஊட்டக்கூடாது. அவரவர் தண்ணீர், அவரவர் தின்பண்டம். யாருக்கு என்ன ஒவ்வாமை என்று நமக்குத் தெரியாது. யார் வீட்டுச் சாப்பாட்டை யார் தொடுவது என்ற பேச்சுக்கும் இடம் இருக்காது. முழு வேர்க்கடலை, பொரி, முறுக்கு, உருண்டையாக வேகவைத்த சுண்டல் கூடத்துக்குள் வேண்டாம். திராட்சை கொண்டுவந்தால் நீளவாக்கில் நான்காக நறுக்கியிருக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

மூன்று: படம் எடுக்கக்கூடாது. திருஷ்டி என்று சிலர் சொல்வார்கள், அந்தரங்கம் என்று சிலர் சொல்வார்கள். எந்தக் காரணமானாலும் விதி ஒன்றுதான்.

நான்கு: உடம்பு சரியில்லாத குழந்தை வரக்கூடாது. இதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

ஐந்து: ஒப்பிடக்கூடாது. "இன்னும் பேசலையா? என் பேரன் பத்து மாசத்திலேயே பேசிட்டான்." ஆட்களை விரட்டுவதில் இந்த ஒரு வாக்கியத்துக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை. சொன்னவருக்கு அடுத்த நிமிடமே மறந்துவிடும். கேட்ட அம்மா அன்று இரவு முழுக்கத் தூங்க மாட்டாள், அடுத்த வாரம் வரவும் மாட்டாள். எடை, நிறம், முடி, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதெல்லாம் இதே வகைதான். யாருக்காவது உண்மையிலேயே கவலை இருந்து அவராகக் கேட்டால், நாம் பெயர் சூட்ட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கே போகும் வழியைக் காட்டுங்கள், முடிந்தால் கூடப் போங்கள்.

5. இப்போது பொருள்

முதல் மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்: இரண்டு ஜமுக்காளம், எவர்சில்வர் டம்ளர் பத்து, மரக்கரண்டி, மூடியோடு டப்பா, பழைய துப்பட்டா, அட்டைப்பெட்டி. டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுப்பதில் ஒரு வயதுக் குழந்தை இருபது நிமிடம் மூழ்கிவிடும். வழவழப்பான தரையில் ஜமுக்காளம் வழுக்கும், ஓரத்தைச் சுவரை ஒட்டி விரியுங்கள்.

எதைக் கொண்டுவந்தாலும் ஒரேமாதிரி மூன்று நான்கு இருக்கட்டும். ஒரே ஒரு அழகான பொம்மை இருந்தால் அன்று முழுக்க அதற்காகத்தான் சண்டை. ஒரேமாதிரி நான்கு டப்பா இருந்தால் சண்டை பாதியாகக் குறையும்.

அளவு பார்க்க ஒரு வழி: ஹார்டுவேர் கடையில் ஒன்றரை அங்குல பைப்பின் வெட்டுத் துண்டு ஒன்று வாங்கி வையுங்கள். அதற்குள் முழுசாக நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் கைக்குப் போகக்கூடாது. பொம்மைச் சோதனைக்குப் பயன்படும் உருளையின் விட்டம் ஏறக்குறைய 3.2 செ.மீ. நம் பைப் அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் இன்னும் பத்திரம். சொப்புச் சாமான் என்றால் எனக்கும் உயிர், ஆனால் அந்தக் குட்டி டம்ளரும் கரண்டியும் இந்தப் பைப்புக்குள் போய்விடும். பெரிய அளவில் உள்ளதை மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக் பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பட்டன் பேட்டரி உள்ளதை, திருகு போட்டு மூடியிருந்தாலும், நான் சேர்ப்பதில்லை.

தானியத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம் ஒரு தாம்பாளத்தில் காய்ந்த பட்டாணி கொட்டி, கையால் அளைந்து விளையாட வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒன்றை மூக்கில் திணித்துக்கொண்டான். அவன் அழவில்லை, ஒரு பக்க மூக்கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் பாட்டிதான் கவனித்தார். ஈரம் பட்டால் பட்டாணி ஊறிப் பெருக்கும், விரலையோ ஹேர்பின்னையோ விட்டால் இன்னும் உள்ளே போகும். தொடாமல் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோனோம், எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பருப்பு, பயறு, சோழி, மணி எதுவும் கிடையாது. அதற்குப் பதில் பிசைந்த சப்பாத்தி மாவு. கொஞ்சம் எண்ணெய் விட்டு, மஞ்சளோ பீட்ரூட் சாறோ சேர்த்துக் கொடுங்கள். வாய்க்குப் போனால் எடுத்துவிட்டால் போதும், பச்சை மாவு தின்பதற்கு அல்ல. கோலம் போட்டுப் பழகப் பச்சரிசி மாவு. கடைக் கல்மாவும் வண்ணப்பொடியும் வேண்டாம், கண்ணில் விழும்.

6. வாசலில் பத்து நிமிடம்

புதிதாக வருபவர் மறுபடி வருவாரா என்பது இந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் ஒருவர் வாசலில் மட்டுமே இருக்க வேண்டும். உள்ளே வேறு வேலை அவருக்கு வேண்டாம்.

வருபவரின் பெயரைக் கேளுங்கள். குழந்தையின் பெயரைக் கேட்டுவிட்டு "இன்னார் அம்மா" என்று கூப்பிடுவது நம் பழக்கம். பிள்ளை பிறந்ததிலிருந்து தன் சொந்தப் பெயரை வெளியாள் வாயில் கேட்டிராத பெண்கள் இருக்கிறார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டதும் ஒரு கணம் நின்றுவிட்டுச் சொல்வார்கள். அந்தப் பெயரை நினைவில் வைத்து, போகும்போது ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

பிறகு அவரை உட்கார வைக்க வேண்டும். "உள்ளே போங்க" என்றால் போதாது. கூடவே நடந்து போய், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் காட்டி, இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள்.

குழந்தையைக் கூட்டிவரும் அக்காக்கள் சிலர் வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லி அல்ல, வேறு இடங்களில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் முதல் வாரம் ஒருவர் அப்படி உட்கார்ந்தபோது "உள்ளே வாங்க அக்கா" என்று இரண்டு தரம் கூப்பிட்டும் "பரவால்லம்மா" என்றார். அப்புறம் அந்தக் குழந்தை படியிறங்கி அவர் மடிக்கே போய்விட்டது. அடுத்த வாரம் நான் வாய்விட்டுக் கூப்பிடவில்லை. டம்ளர் கூடையை அவர் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் நடுவுல கொட்டி விடறீங்களா அக்கா?" என்றேன். உள்ளே வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு எங்கள் சாவி இருப்பது அவரிடம்தான்.

அப்பாவோ தாத்தாவோ வந்தால் பெண்கள் சற்று ஒதுங்குவார்கள், அவர் ஃபோனை எடுத்துவிடுவார். அவருக்கும் கையில் ஒரு வேலை கொடுங்கள். சோப்புக் குமிழி ஊதுவது நல்ல வேலை, ஐந்து நிமிடத்தில் எல்லாக் குழந்தைகளும் அவரைச் சுற்றி நிற்கும். தமிழ் தெரியாத, வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் வந்தால், அவர் ஊர்த் தாலாட்டை ஒருமுறை பாடச் சொல்லுங்கள்.

7. ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும்

முதல் நாற்பது நிமிடம் சும்மா விளையாட்டு. எதையும் நடத்தாதீர்கள், வட்டமாக உட்காரச் சொல்லாதீர்கள். புது இடத்தைக் குழந்தை தன் வேகத்தில் பழக வேண்டும். மடியை விட்டு இறங்காத குழந்தையை இறக்காதீர்கள். மூன்று வாரம் மடியிலேயே இருந்து, நான்காவது வாரம் ஓடிய பிள்ளைகள் உண்டு.

அப்புறம் கை கழுவல், சோப்போடு இருபது விநாடி. பிறகு பத்து நிமிடம் தின்பண்டம், எல்லோரும் உட்கார்ந்துதான். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடும்போதுதான் புரை ஏறும்.

அதன்பின் பாட்டு. சாய்ந்தாடுவது, கை வீசுவது, உள்ளங்கையில் பருப்பு கடைவது என்று நம் பாட்டிமாரிடம் உள்ளதே ஒரு வருடத்துக்குப் போதும். ஸ்பீக்கரும் ஃபோனும் வேண்டாம். ஸ்பீக்கர் வந்தால் பெரியவர்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வதும்.

கடைசிப் பாட்டு ஒவ்வொரு வாரமும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டே மாதத்தில் அது தொடங்கியதும் பிள்ளைகள் தாமாகவே டம்ளரைக் கூடையில் போடத் தொடங்கும். கிளம்பும்போது வரும் அழுகை பெரும்பாலும் திடீரென்று தூக்கிக்கொண்டு போவதால் வருவது.

8. பிடுங்கல், கடி

இரண்டு வயதுக் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும். பகிர்ந்துகொள்வது பிறகு வரும். "அண்ணன் இல்ல, கொடுத்துடு" என்று பிடுங்கிக் கொடுத்தால், பெரியவர் பிடுங்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். அதேபோல இன்னொன்றை நீட்டுங்கள்.

கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையைத் தூக்குங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன்பின் கடித்த குழந்தையின் அம்மாவிடம் போய் உட்காருங்கள். அவர்தான் கூசிக் குறுகிப்போய், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று பிள்ளையை அடிக்கக் கை ஓங்குவார். "இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் ஒருதரம் கடிக்கும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், சுற்றியிருப்பவர்களும் கேட்கட்டும்.

தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று குறைந்தது இரண்டு பேராவது நேரில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். குழந்தை பலமாக இருமினால் இரும விடுங்கள். இருமவோ அழவோ முடியவில்லை என்றால் உடனே ஒருவர் 108ஐக் கூப்பிட, இன்னொருவர் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடவே கூடாது.

9. நோய்

காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் நின்று 48 மணி நேரம். அம்மைக்கு வீட்டில் தண்ணீர் ஊற்றிய பிறகு வரலாம் என்று நினைப்பார்கள். தண்ணீர் ஊற்றியிருந்தாலும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருந்தால்தான் வரவேண்டும்.

வராமல் இருந்தவருக்கு அன்றே ஒரு ஃபோன் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் "வராதே என்று சொல்லிவிட்டார்கள்" என்பதுதான் மனதில் நிற்கும். டம்ளர், பொம்மை எல்லாவற்றையும் அன்றே சோப்பில் கழுவி வெயிலில் காயவைப்பது முடிக்கும் வேலையின் ஒரு பகுதி.

10. பணமும் வேலையும்

கட்டணம் வைக்காதீர்கள். ஒரு உண்டியல் போதும், போட முடிந்தவர் போடட்டும். சோப்பு, துடைப்பம், வருடத்துக்கு ஒரு ஜமுக்காளம், இவ்வளவுதான் செலவு. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, யாரும் புரட்டிப் பார்க்கும்படி கூடத்திலேயே வையுங்கள்.

வேலையை நான்காகப் பிரியுங்கள்: வாசல், வாளியும் கதவும், பாட்டு, கழுவல். வாரா வாரம் சுற்றி வரட்டும். மூன்றாவது தடவை வந்தவரிடம் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். அதற்குமேல் தள்ளிப்போட்டால் அவர் விருந்தாளியாகவே நின்றுவிடுவார். எல்லாவற்றையும் தொடங்கியவரே செய்யும் இடங்கள் ஆறு மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

11. ஆள் குறையும் வாரங்கள்

இரண்டாவது மாதம் எப்படியும் ஒரு சரிவு வரும். ஐப்பசி மழை வரும், ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவார்கள், ஏப்ரல் மே மாதங்களில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரங்களில் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். இருவர் வந்தால் இருவரோடு நடத்துங்கள். வெயில் காலத்தில் மட்டும் நேரத்தை முன்னால் தள்ளி 9.30க்குத் தொடங்கலாம், அதையும் ஏப்ரல் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் வராதவரின் வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். "ஏன் வரலை?" என்று தொடங்காமல், குழந்தையை விசாரியுங்கள். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். குடை ஒன்றுதான் இருந்தது, அதைப் பெரிய மகள் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். இப்போது கூடத்தின் வாசலில் மூன்று குடை தொங்குகிறது. மழை நாளில் ஒன்பதே முக்காலுக்கு வாசல் வேலை பார்ப்பவர் அதில் இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.